நான்கு மணி நேரத்தில் சரியாகிவிடும் பக்கவாதமா?

கரூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி ஏழு பக்கக் கடிதமும், கூடவே தம்பியின் பரிசோதனை அறிக்கைகளும் அனுப்பியிருக்கிறார். ஆள் யாரென்று தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கமாகத் தருகிறேன்.

தம்பிக்கு 27 வயது. ஹார்டுவேர் கடையில் பில் போடுகிறார். ஒற்றைத் தலைவலி, வலிப்பு, சர்க்கரை எதுவும் கிடையாது. புரட்டாசியில் நான்கு நாள் காய்ச்சல், உடம்புவலி. அது போய் இரண்டு வாரம் கழித்து, ஒருநாள் காலை பில் எழுதிக்கொண்டிருக்கும்போது வலது கட்டைவிரல் நுனி மரத்திருக்கிறது. மரமரப்பு மெதுவாக ஏறி முழங்கைக்கு வந்து, பிறகு வலது உதட்டோரம், பாதி நாக்கு என்று இருபது நிமிடத்தில் பரவிவிட்டது. எதிரே நின்றவர் கேட்டது இரண்டரை இஞ்ச் ஆணி. தம்பிக்கு அது புரிகிறது, ஆனால் வாயில் வருவதோ ‘சாவி, சாவி’. அப்புறம் மண்டை பிளக்கிற வலி, வாந்தி. நான்கு மணி நேரத்தில் கையும் பேச்சும் திரும்பிவிட்டன. தலைவலி மட்டும் மறுநாள் காலை வரை.

சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. ‘மினி ஸ்ட்ரோக்’ என்று ஆஸ்பிரின் கொடுத்தார்கள். பத்து நாளில் இன்னொரு முறை, இப்போது இடது கையும் காலும். எம்.ஆர்.ஐ. சரியாக இருந்தது. முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்ததில் அணுக்கள் கூடுதல். மூளைக்காய்ச்சலாக இருக்கலாம் என்று ஐந்து நாள் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை ஏற்றி, வைரஸ் இல்லை என்று முடிவு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். வீடு திரும்பிய பிறகு மூன்றாவது முறை, மறுபடி வலது கை, பேச்சு. இந்த முறை ஒரு மருத்துவர் டி.பி. மருந்து ஒரு வருடம் சாப்பிடச் சொல்கிறார். இன்னொருவர் ‘ஹேண்டில் சிண்ட்ரோம்’ என்று சீட்டில் எழுதி, தானாகப் போய்விடும் என்கிறார். தாய்மாமன் புறா ரத்தம் தேய்க்கச் சொல்லி, முதல் முறையே ஆள் அனுப்பிவிட்டார். தை கடைசியில் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. ‘யார் சொல்வதை நம்புவது? மூளையில் வைரஸ் இருந்தால் வீட்டில் குழந்தைகளுக்கு ஒட்டுமா? முதுகில் ஊசி போட்டதால்தான் மூன்றாவது முறை வந்ததா? பெண் வீட்டில் சொல்லலாமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள், சகோதரி.

உங்கள் தம்பியை நான் நேரில் பார்க்கவில்லை, காகிதங்களைத்தான் பார்த்தேன். அந்த வரம்போடு படியுங்கள்.

கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது அந்தக் கட்டைவிரல் விஷயம்தான். பக்கவாதம் பெரும்பாலும் மின்சாரம் போவது மாதிரி வரும். சுவிட்சை அணைத்ததும் வீடே இருட்டாவதுபோல, கை, முகம், பேச்சு எல்லாம் ஒரே நொடியில் விழும். உங்கள் தம்பிக்கு அப்படி வரவில்லை. விரல் நுனியில் தொடங்கி, நடந்து நடந்து உதட்டுக்கு வந்திருக்கிறது. மூளையின் மேற்பரப்பில் நரம்பணுக்களின் வேலை கொஞ்ச நேரம் அடங்கி, அந்த அடக்கம் குளத்தில் அலை மாதிரி நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் பரவும்போது இப்படித்தான் இருக்கும். ஒற்றைத் தலைவலிக்காரர்களில் சிலருக்கும் இதே அலை உண்டு. ஆனால் அவர்களுக்குப் பெரும்பாலும் கண்ணில்தான் தொடங்கும், வளைந்த மின்னல் கோடு தெரியும், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நான்கு மணி நேரம் என்பது அதற்கு அதிகம். ஒரு முறை வலது, ஒரு முறை இடது என்று மாறி வருவதையும் ஒரே ஒரு ரத்தக்குழாய் அடைப்பை வைத்து விளக்க முடியாது.

இரண்டாவது தடயம் முதுகில் எடுத்த நீர். அதில் வெள்ளை அணுக்கள் 146, பெரும்பாலும் லிம்போசைட் என்ற வகை. ஆரோக்கியமானவருக்கு ஐந்துக்கு மேல் இருக்காது. புரதம் 92. அது 45-க்குள் இருக்க வேண்டும். சர்க்கரை 64, அதே நேரத்தில் ரத்தத்தில் 104. இந்தக் கடைசி எண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், டி.பி. பற்றிப் பேசும்போது வேண்டும்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டாவது மருத்துவர் சீட்டில் எழுதிய பெயர் பொருந்துகிறது. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். தலைவலி, நரம்புக் குறைபாடு, தண்டுவட நீரில் லிம்போசைட் ஆகியவற்றின் ஆங்கில எழுத்துகளைக் கோத்து வைத்த பெயர்தான் ஹேண்டில். 1981-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த பார்ட்லசனும் சக மருத்துவர்களும் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். 1997-இல் ஸ்பெயின் மருத்துவர்கள் 50 நோயாளிகளைத் தொகுத்து எழுதிய கட்டுரையைத்தான் இன்றுவரை எல்லோரும் புரட்டுகிறோம். அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் 15-லிருந்து 40 வயதுக்குள். ஆண்கள்தான் அதிகம். முன்பு ஒற்றைத் தலைவலி இருந்தவர்கள் குறைவு. மரத்துப்போவது முதலிடம், பேச்சுக் குழறல் அடுத்தது, கைகால் தளர்வு மூன்றாவது. ஒன்றிலிருந்து பன்னிரண்டு முறை வரை வரலாம். மூன்று மாதத்துக்குள் தானாக நின்றுவிடும். நடுவில் ஆள் முழுக்கச் சாதாரணமாக இருப்பார். இது அரிய நோய். நரம்பியல் மருத்துவர்களே வாழ்நாளில் ஒருசிலரைத்தான் பார்த்திருப்பார்கள். முதல் ஆஸ்பத்திரியில் ‘மினி ஸ்ட்ரோக்’ என்றவர்மேல் கோபப்பட வேண்டாம். அந்த முதல் நாளில் நானும் அதைத்தான் முதலில் நினைத்திருப்பேன்.

ஆனால் இந்தப் பெயரை யாரும் உடனே ஒட்டிவிட முடியாது. மற்ற எல்லாவற்றையும் விலக்கிய பிறகு மிஞ்சுவதற்கு வைக்கும் பெயர் இது. அங்கேதான் உங்கள் வீட்டுக் குழப்பம் தொடங்குகிறது.

தானாகவே அடங்குகிற நோயில் எல்லா வைத்தியமும் ஜெயிக்கும். முதல் முறை புறா வந்து சேர்வதற்குள் தம்பியின் கை திரும்பிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அரை மணி முன்னால் வந்திருந்தால் ஊரே புறாவுக்கு நன்றி சொல்லியிருக்கும். ஆஸ்பிரினுக்கும் அசைக்ளோவிருக்கும் இதே கணக்குதான். இன்று டி.பி. மருந்து தொடங்கினால், தைக்குள் தம்பி நன்றாகிவிடுவார், ‘பார், டி.பி.தான்’ என்று எல்லோரும் சொல்வார்கள். அப்புறம் ஒரு வருடத்துக்கு அதை நிறுத்தும் துணிச்சல் யாருக்கும் வராது. அதனால் கடைசியாகக் கொடுத்த மருந்துதான் குணமாக்கியது என்ற எண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். புறா ரத்தத்தால் நேரடித் தீங்கு பெரிதாக இல்லைதான். அதற்காகக் காத்திருக்கும் நேரம்தான் தீங்கு.

டி.பி. மருந்து தொடங்கலாமா?

அந்த மருத்துவர் அச்சப்படுவதில் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் தண்டுவட நீரில் லிம்போசைட்டும் புரதமும் கூடினால் முதலில் நினைக்க வேண்டியது டி.பி. மூளைக்காய்ச்சல்தான். அதைத் தவறவிட்டால் உயிர் போகும், இல்லையென்றால் நிரந்தர ஊனம். காசநோய் சோதனையில் ‘இல்லை’ என்று வந்தால்கூட நோய் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஏனென்றால் அந்த நீரில் கிருமிகள் மிகக் குறைவாகத்தான் இருக்கும்.

ஆனால் டி.பி.யின் நடை வேறு. வாரக்கணக்கில் மாலைக் காய்ச்சல், பசியின்மை, எடை குறைவது, நாளாக நாளாக மந்தம். அது நான்கு மணி நேரம் வந்துவிட்டு, ஒன்பது நாள் ஆளைக் கடைக்கு அனுப்பி பில் போட விடாது. அப்புறம் நான் பிடித்து வைக்கச் சொன்ன சர்க்கரை எண். டி.பி.யில் தண்டுவட நீரின் சர்க்கரை பெரும்பாலும் ரத்தத்தில் இருப்பதில் பாதிக்கும் கீழே இறங்கும். தம்பிக்கு அறுபது சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. மருந்து ஊசியோடு எடுத்த எம்.ஆர்.ஐ.யிலும் மூளையின் அடிப்பகுதி உறையில் அழற்சி இல்லை.

என் கருத்து இது. தம்பிக்கு இப்போது காய்ச்சலோ எடைக்குறைவோ இல்லை, நடுவில் முழு ஆரோக்கியமாக இருக்கிறார் என்பது நேரில் பரிசோதித்து உறுதியானால், இன்றே டி.பி. மருந்து தொடங்குவதைவிட, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டு காத்திருப்பது நல்லது. அந்த மருந்துகள் கல்லீரலைப் படுத்தலாம், சில கண் நரம்பையும் தொடும். தேவைப்பட்டால் தயங்காமல் கொடுக்கலாம், சந்தேகத்துக்காக மட்டும் ஒரு வருடம் கொடுப்பது பெரிய விலை. ஆனால் இடையில் காய்ச்சல் வந்தாலோ, தூக்கக் கலக்கம் மாதிரி மந்தமானாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ இந்தக் கருத்து செல்லாது. அன்றே மறுபடி நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு மருத்துவர்களும் நேரில் பேசிக்கொள்ளட்டும் என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

இதே நேரத்தில் ஸ்டீராய்டு மாத்திரை யாராவது எழுதினால், டி.பி. விலகிவிட்டதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள். அந்த மருந்து தடயங்களை மறைத்துவிடும்.

வைரஸ்தான் காரணமா? வீட்டில் ஒட்டுமா?

ஒட்டாது. அக்கா பிள்ளைகள் மாமாவோடு ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒன்றும் ஆகாது.

வைரஸுக்கும் இதற்கும் ஏதோ தொடர்பு உண்டு என்பது பழைய சந்தேகம். ஸ்பெயின் நோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு, உங்கள் தம்பி மாதிரியே, முந்தைய வாரங்களில் காய்ச்சலோ சளியோ இருந்திருக்கிறது. சிலருடைய தண்டுவட நீரில் ஹெர்பிஸ் குடும்பத்து எச்.எச்.வி.-6, எச்.எச்.வி.-7, எக்கோ வைரஸ் போன்றவற்றின் தடயம் கிடைத்தது என்று தனித்தனி அறிக்கைகள் உண்டு. ஆனால் எச்.எச்.வி.-6 குழந்தைப் பருவத்திலேயே அநேகமாக நம் எல்லோர் உடம்பிலும் குடியேறிவிடுகிற வைரஸ். சம்பவ இடத்தில் அது இருந்தது என்பதற்காகக் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலான நோயாளிகளிடம் எந்த வைரஸும் கிடைப்பதில்லை.

இப்போது பலர் ஒப்புக்கொள்ளும் விளக்கம், வைரஸைவிட அதை விரட்ட எழுந்த எதிர்ப்பு சக்தியைத்தான் குற்றம் சொல்கிறது. காய்ச்சல் போன பிறகும் அந்தப் படை கலையாமல், மூளை உறையையும் அங்குள்ள ரத்தக்குழாய்களையும் சீண்டுகிறது. அந்த எரிச்சலில் நான் சொன்ன அலை கிளம்புகிறது. 2013-இல் வந்த ஓர் ஆய்வில், நரம்பணுவின் ஒரு வகைக் கால்சியம் வாயிலுக்கு எதிரான ஆன்டிபாடி நான்கு நோயாளிகளில் இருவருக்கு இருந்தது. நான்கே பேர்தான், அதனால் இதை வைத்துப் பெரிய கோட்டை கட்ட முடியாது. ஆனாலும் படை கலைந்ததும் நோய் ஏன் நின்றுவிடுகிறது என்பதற்கு இந்த விளக்கம் ஒத்துவருகிறது.

அசைக்ளோவிரைப் பாதியில் நிறுத்தியது தவறா என்று கேட்டீர்கள். இல்லை. ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சல் என்ற சந்தேகம் எழுந்த நிமிடமே அதைத் தொடங்க வேண்டும், முடிவு வரும்வரை காத்திருந்தால் மூளை அழிந்துவிடும். அதனால் தொடங்கியது சரி. பி.சி.ஆர். சோதனையில் வைரஸ் இல்லை, ஸ்கேனில் நெற்றிப்பொட்டுப் பக்க மூளை சுத்தமாக இருக்கிறது, ஆள் எழுந்து நடமாடுகிறார். அப்படியிருக்க நிறுத்தியதும் சரி. ஹெர்பிஸ் இருந்திருந்தால் அது நான்கு மணி நேரத்தில் வீட்டுக்குப் போயிருக்காது.

முதுகில் போட்ட ஊசி

இதைப் பற்றிய பயம் நம் ஊரில் ஆழமானது. ‘முதுகில் நீர் எடுத்தால் இடுப்பு போயிடும்’ என்பதை வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். பெரியவர்களுக்குத் தண்டுவடம் மூளையின் அடியிலிருந்து இறங்கி, இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்கும் கீழே, வெறும் நரம்பு இழைகள் நீரில் மிதக்கும் இடத்தில். அங்கே குத்துவதற்குத் தண்டுவடமே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு தம்பிக்கு எழுந்து உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது மட்டும் ஊசியால் வந்ததுதான். துளை வழியே கொஞ்சம் நீர் கசிவதால் வருவது, சில நாளில் அடைந்துவிடும். தண்ணீர், காபி, படுக்கை போதும். ஒரு வாரத்துக்கு மேல் நீண்டால் அதற்கும் எளிய சிகிச்சை உண்டு. மூன்றாவது முறை வந்த மரமரப்புக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை. முதல் இரண்டு முறை ஊசி போடாமலேயே வந்ததே!

ஒன்று மட்டும் அறிக்கையில் காணோம். நீர் எடுக்கும்போது அழுத்தம் எவ்வளவு இருந்தது என்று எழுதவில்லை. இந்த நோயில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அது கூடியிருக்கும், சிலருக்குக் கண்ணின் பின்புறம் வீங்கும். தம்பியை ஒரு கண் மருத்துவரிடம் காட்டி, கண்ணில் சொட்டு விட்டு உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். வலிக்காது, செலவும் குறைவு. இந்த வாரமே செய்யலாம்.

அடுத்த முறை வந்தால்

சகோதரி, கடிதத்தில் எனக்குக் கவலை தந்த ஒரே வரி இது: ‘இனிமேல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நாலு மணி நேரம் பொறுத்துப் பார்க்கலாமா?’ வேண்டாம். பெயர் கிடைத்துவிட்டதால் வருகிற ஆபத்து இதுதான். இந்த நோய் உள்ளவருக்கு உண்மையான பக்கவாதம் வராது என்று எந்தச் சட்டமும் இல்லை. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு. நாலு மணி நேரம் வீட்டில் உட்கார்ந்துவிட்டால் மிச்சம் இருப்பது அரை மணி.

108-ஐக் கூப்பிடுங்கள். கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பேச்சு குழறுவதைச் செல்போனில் ஒரு நிமிடம் படம் எடுங்கள், எங்களுக்கு அது பத்துப் பக்கக் கடிதத்துக்குச் சமம். எம்.ஆர்.ஐ. முடிவும் தண்டுவட நீர் அறிக்கையும் நகலெடுத்து தம்பியின் பர்ஸிலும் கடையிலும் இருக்கட்டும். முன்பு என்ன நடந்தது என்று தெரிந்தால் பணியில் இருக்கும் மருத்துவர் தேவையற்ற ஊசிகளைத் தவிர்ப்பார்.

தலைவலிக்குப் பாராசிட்டமால், மருத்துவர் சொன்னால் நாப்ராக்சன். மெடிக்கலில் சீட்டு இல்லாமல் கொடுக்கிற எர்காட்டமைன் கலந்த ஒற்றைத் தலைவலி மாத்திரையும், ‘டிரிப்டான்’ என்று முடிகிற மாத்திரைகளும் தம்பிக்கு ஆகாது. அவை ரத்தக்குழாயைச் சுருக்குபவை. கை தளர்ந்திருக்கும்போது அதைச் செய்யக்கூடாது. ஆஸ்பிரின் இனி வேண்டுமா என்பதை நரம்பியல் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பைக்கில் தினமும் 14 கிலோமீட்டர் போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தை பிறக்கும்வரை பஸ்ஸில் போகட்டும். கடையில் ஏணி ஏறிப் பெயிண்ட் டப்பா எடுக்கும் வேலையையும் வேறு யாராவது பார்க்கட்டும்.

இன்னும் செய்யாத சில சோதனைகளை விலக்குதல் பட்டியலை முடிப்பதற்காகச் சொல்கிறேன். எச்.ஐ.வி., சிபிலிஸ் ரத்தப் பரிசோதனை, மூளையின் சிரைகளில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்கும் எம்.ஆர். வீனோகிராம், நரம்பிழைகளின் உறையைத் தாக்கும் மாக் ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை. எச்.ஐ.வி. என்றதும் பதற வேண்டாம், தம்பியின் நடத்தையைச் சந்தேகித்துக் கேட்கவில்லை. தண்டுவட நீரில் லிம்போசைட் கூடிய எல்லோருக்கும் இதைச் செய்வோம்.

கல்யாணம்

மருத்துவ ரீதியாகத் தடை எதுவும் தெரியவில்லை. குடும்பத்தில் யாருக்கும் இதுபோல் கைகால் தளர்ந்து தலைவலி வந்ததில்லை என்று சொல்கிறீர்கள், ஆகவே கைகால் தளரச் செய்யும் ஒற்றைத் தலைவலியின் பரம்பரை வகையைப் பற்றியும் யோசிக்க வேண்டியதில்லை. குழந்தைகளுக்குப் போகாது. முதல் தாக்குதல் ஐப்பசி தொடக்கத்தில். மூன்று மாதக் கணக்கு தை முதல் வாரத்தோடு முடிகிறது, முகூர்த்தம் கடைசி வாரத்தில். தேதியை மாற்ற வேண்டிய அவசியம் இன்றைக்கு இல்லை. தை பிறந்த பிறகும் புதிதாக ஒன்று வந்தால், அப்போது இந்தப் பெயரையே சந்தேகித்து, பரிசோதனைகளைத் திரும்பத் தொடங்க வேண்டியிருக்கும். தேதியைப் பற்றியும் அப்போது பேசலாம்.

பெண் வீட்டில் சொல்லுங்கள், இப்போதே. பெரியவர்கள் வழியாகச் சுற்றிப் போக வேண்டாம், தம்பியே அந்தப் பெண்ணிடம் பேசட்டும். ‘மூன்று முறை இப்படி வந்தது, டாக்டர்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், தைக்குள் தெரிந்துவிடும்’ என்றால் போதும். மணமேடையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவர் கட்டைவிரல் மரத்தால், முதலில் கவனிக்கப் போவது அந்தப் பெண்தான். என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு அப்போது தெரிந்திருக்க வேண்டும். வேண்டுமானால் அவர்கள் இருவரும் சேர்ந்தே அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகலாம். கேள்விகளை அவரே கேட்டுக்கொள்ளட்டும்.